சுரங்கத்துக்குள் எட்டிப் பார்த்த கண்!

2023-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி. தீபாவளித் திருநாளின் அதிகாலை.

உத்தரகாண்ட் மாநிலத்தில் உள்ள சில்க்யாரா என்னும் இடத்தில், மலையைக் குடைந்து சாலை போடும் வேலை நடந்துகொண்டு இருந்தது. சுரங்கத்தின் நீளம் சுமார் 4½ கிலோ மீட்டர். திடீர் என்று சுரங்கத்தின் கூரை இடிந்து விழுந்தது. உள்ளே 41 தொழிலாளர்கள்! அவர்களுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே சுமார் 60 மீட்டர் தூரத்துக்குக் கல்லும் மண்ணும் அடைத்துக்கொண்டன.

உள்ளே இருப்பவர்கள் பிழைத்தார்களா? யாருக்கும் தெரியவில்லை.

குழாயில் வந்த உயிர்

நல்ல வேளையாக, 4 அங்குலக் குழாய் ஒன்று அந்தப் பக்கம் வரை போயிருந்தது. அதன் வழியாகக் காற்றும், பொரியும், கடலையும் உள்ளே போயின. கையில் பிடித்துப் பேசும் சிறு ரேடியோவான "வாக்கி-டாக்கி" மூலம் பேச்சும் நடந்தது. 41 பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தது.

குரல் கேட்டது, முகம் தெரியவில்லை. அடிபட்டவர் உண்டா? எப்படி இருக்கிறார்கள்? ஊரில் இருக்கும் தாய்மாரும் மனைவிமாரும் துடித்தார்கள்.

நவம்பர் 20-ந் தேதி, 6 அங்குலக் குழாய் ஒன்றை உள்ளே செலுத்தினார்கள். வயிற்றுக்குள் இருக்கும் நோயைப் பார்க்க டாக்டர்கள் ஒரு மெல்லிய குழாய்க் காமிராவை விடுகிறார்கள் அல்லவா? அதைப் போன்ற ஒரு காமிராவை அந்தக் குழாய்க்குள் விட்டார்கள்.

மறுநாள் காலை நாடே அந்தப் படத்தைப் பார்த்தது. தலையில் தொப்பிக் கவசத்துடன் தொழிலாளர்கள் நின்றார்கள். "பிழைத்து இருக்கிறார்கள்" என்று காதால் கேட்டதை, குடும்பத்தார் அன்றுதான் கண்ணால் கண்டார்கள். பிறகு டெலிபோன் வசதியும் செய்யப்பட்டது.

கிரேன் மேல் ஒருவர்

பெரிய கட்டிட வேலை எதுவானாலும் இந்தக் கண்ணும் காதும் வேண்டும். உயரமான கிரேனின் உச்சியில் உட்கார்ந்து இருப்பவரைப் பாருங்கள். சுவருக்கு அப்பால் இறங்கும் பாரம் அவர் கண்ணுக்குத் தெரியாது. கீழே நிற்கும் ஒருவர் வாக்கி-டாக்கியில் "இறக்கு, நிறுத்து" என்று சொல்கிறார். மேலே பொருத்திய காமிரா, பாரம் இறங்கும் இடத்தை அவர் முன் உள்ள திரையில் காட்டுகிறது. பேச்சு நடுவில் அறுந்தால்? கிரேனை உடனே நிறுத்திவிட வேண்டும். ஊகித்து இறக்கினால், கீழே நிற்பவர் தலையில் விழும்.

சுரங்கத்தில் இன்னொரு தொல்லை. ரேடியோ அலை பாறையைத் துளைத்து வெகு தூரம் போகாது. அதனால் சுரங்கத்தின் நெடுகிலும் தனி கேபிள் ஒன்றைக் கட்டுவது உண்டு. வழி எல்லாம் ரேடியோ அலையைக் கசிய விடும் கேபிள் அது. ஆனால் கூரை விழுந்தால், கேபிளும் அறுந்து போகலாம். ஆகவே, ஒரு வழி போனால் இன்னொரு வழி இருக்க வேண்டும்.

கையே வென்றது

சில்க்யாராவில் துளை போட்ட பெரிய எந்திரம் கடைசிக் கட்டத்தில் உடைந்து போனது. எலிவளை போன்ற குறுகிய பள்ளம் தோண்டிப் பழகிய தொழிலாளர்கள், குழாய்க்குள் தவழ்ந்து போய் மீதி மண்ணைக் கையால் தோண்டி எடுத்தார்கள். நவம்பர் 28-ந் தேதி இரவு, 17-வது நாளில், 41 பேரும் வெளியே வந்தார்கள். ஓர் உயிர் கூடப் போகவில்லை!

காமிரா ஒரு கல்லைக் கூடப் புரட்டவில்லை. வாக்கி-டாக்கி ஒரு பிடி மண்ணைக் கூட அள்ளவில்லை. ஆனால் "நாங்கள் இருக்கிறோம்" என்று உள்ளே இருந்தவர்கள் சொன்னதும், "நாங்கள் வருகிறோம்" என்று வெளியே இருந்தவர்கள் சொன்னதும் அவற்றின் வழியாகத்தான்.

சிமெண்டுக்கும் இரும்புக்கும் கணக்குப் போடுகிறவர்கள், பேசுவதற்கு ஒரு குழாய்க்கும் ஒரு கம்பிக்கும் முதல் நாளே கணக்குப் போட வேண்டும். மலை சரிந்த பிறகு அதைத் தேடி ஓடக்கூடாது.