தடா சட்டம்: பயனும் விளைவுகளும்

தடா என்று சுருக்கமாக அழைக்கப்படும் பயங்கரவாத மற்றும் சீர்குலைவுச் செயல்கள் தடுப்புச் சட்டம், இந்தியாவில் 1985 முதல் 1995 வரை நடைமுறையில் இருந்த சிறப்புச் சட்டமாகும். பஞ்சாபில் தீவிரவாதம் உச்சத்தில் இருந்த காலம் அது. 1984 அக்டோபரில் பிரதமர் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். 1985 மே மாதம் டெல்லியிலும் சுற்றியுள்ள இடங்களிலும் டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்ட குண்டுகள் வெடித்துப் பலர் இறந்தனர். அதே மாதத்தில் சட்டம் நிறைவேறியது. இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் என்று கொண்டுவரப்பட்டாலும், 1987இல் புதிதாக இயற்றப்பட்டு, தொடர்ந்து நீட்டிக்கப்பட்டது.

சட்டத்தின் சிறப்புப் பிரிவுகள்

சாதாரண வழக்கில் 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் கைதானவருக்கு ஜாமீன் பெறும் உரிமை உண்டு. தடாவில் அவரை ஓராண்டு வரை சிறையில் வைக்க முடிந்தது. விசாரணை சிறப்பு நீதிமன்றத்தில் நடக்கும். மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குச் செல்லாமல் நேரே உச்ச நீதிமன்றத்துக்குச் செல்லும். அதாவது, தவறைத் திருத்தக்கூடிய ஒரு படி இல்லாமல் போனது.

இவை எல்லாவற்றையும் விடத் தொலைதூர விளைவை உண்டாக்கியது 15ஆம் பிரிவு. காவல்துறையினரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சான்றாக வைக்கக் கூடாது என்பது 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் தொட்டு வரும் விதி. அடித்து வாங்கும் வாக்குமூலத்தை நம்ப முடியாது என்பதை ஆங்கிலேய ஆட்சியே ஏற்றுக்கொண்டிருந்தது. தடாவோ, காவல் கண்காணிப்பாளர் (எஸ்.பி.) அல்லது அதற்கு மேல் பதவியில் உள்ள அதிகாரி பதிவு செய்தால் அந்த வாக்குமூலம் செல்லும் என்றது. கர்தார் சிங் வழக்கில் 1994 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், சில வழிகாட்டு நெறிகளை வகுத்து, இந்தப் பிரிவைச் செல்லும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பாக அறிவித்தது.

எவ்வளவு பயன்பட்டது?

இச்சட்டத்தின்கீழ் சுமார் 76 ஆயிரம் பேர் கைதானதாகவும், அவர்களில் தண்டனை பெற்றவர்கள் 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. தீவிரவாத இயக்கம் எதுவும் வேரூன்றாத குஜராத்தில் மட்டும் 19 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். தண்டனை வாங்கித் தரும் கருவியாக அல்ல, விசாரணையின்றி அடைத்து வைக்கும் கருவியாகவே தடா அதிகம் பயன்பட்டது என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. பஞ்சாபில் 1993 வாக்கில் தீவிரவாதம் அடங்கியதற்கும் நீதிமன்றத் தண்டனைகளை விடக் காவல்துறையின் ஆயுத நடவடிக்கையே முதன்மைக் காரணம். அந்த நடவடிக்கை காணாமற்போனோர் குறித்த நீண்ட வழக்குகளை விட்டுச் சென்றது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 257 பேரைப் பலிகொண்ட 1993 மார்ச் 12 மும்பைத் தொடர் குண்டுவெடிப்பு வழக்கில், தடா நீதிமன்றம் 100 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. அங்கும் வாக்குமூலங்கள் முக்கியப் பங்கு வகித்தன. ஆனால் வொர்லியில் கைவிடப்பட்ட மாருதி வேன், அதிலிருந்த ஆயுதங்கள், அதன் பதிவு எண் வழியே மேமன் குடும்பத்தைச் சென்றடைந்த தடம் என்று, வாக்குமூலத்துக்கு வெளியே நிற்கும் தடயங்கள் ஏராளம். அந்தப் புலனாய்வு சாதாரணச் சட்டத்திலும் எடுபட்டிருக்கும்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கு

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்த கொலையை விசாரித்த சிபிஐ, வழக்கைத் தடாவின்கீழ் நடத்தியது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்து, 4 பேருக்கு மரண தண்டனையையும் 3 பேருக்கு ஆயுள் தண்டனையையும் விதித்தது. இக்கொலை தடா சட்டம் சொல்லும் பயங்கரவாதச் செயல் அல்ல என்றும் அதே தீர்ப்பு கூறியது. ஆயினும், தடாவின்கீழ் வாங்கிய வாக்குமூலங்களைக் கொலைக் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளலாம் என்றது. சட்டம் பொருந்தாது, சட்டம் தந்த சான்று மட்டும் பொருந்தும் என்ற இந்த நிலை சாதாரண வாசகருக்கு விளங்காதது வியப்பில்லை.

கைதானபோது பேரறிவாளனுக்கு வயது 19. வெடிகுண்டுக்கு 9 வோல்ட் பேட்டரிகள் இரண்டை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அவை எதற்காக என்று தமக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி ஓய்வு பெற்ற பின்னர் 2013இல் வெளிப்படையாகக் கூறினார். விடுபட்டது ஒரு வாக்கியம்தான். ஆனால் குற்ற நோக்கம் இருந்ததா என்ற கேள்வி முழுவதும் அந்த வாக்கியத்தில் அடங்கியிருந்தது. பேரறிவாளனின் மரண தண்டனை 2014இல் ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2022 மே 18 அன்று, 30 ஆண்டுகளுக்கும் மேலான சிறைவாசத்துக்குப் பின், அவர் விடுதலையானார்.

பொடாவும் அதன் பின்னரும்

தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவர் ரங்கநாத் மிஸ்ரா, தடாவை நீட்டிக்க வேண்டாம் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார். 1995 மே மாதம் சட்டம் காலாவதியானது. ஏற்கெனவே பதிவான வழக்குகள் மட்டும் தொடர்ந்தன. 2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்ட பின்னர், 2002இல் பொடா என்ற பெயரில் பழைய பிரிவுகளில் பல திரும்பி வந்தன. அதை ஆதரித்த கட்சிகளில் ஒன்று மதிமுக. அதன் பொதுச்செயலாளர் வைகோ, திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக 2002 ஜூலையில் அதே பொடாவில் கைதாகி ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். குற்ற நோக்கம் இல்லாத வெறும் ஆதரவுப் பேச்சு பொடாவின்கீழ் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரில் விளக்கியது.

பொடாவிலும் காவல்துறை வாக்குமூலம் செல்லும். 48 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்ற பாதுகாப்பு மட்டும் கூடுதல். 2002 செப்டம்பரில் காந்திநகர் அக்ஷர்தாம் கோயிலில் நடந்த தாக்குதலில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் கைதான 6 பேர் தண்டனை பெற்றனர். அவர்களில் மூவருக்கு மரண தண்டனை. வாக்குமூலங்களை நம்ப முடியாது என்று கூறி, 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்தது. இழப்பு சிறையில் கிடந்தவர்களுக்கு மட்டுமல்ல. உயிரிழந்தோரின் குடும்பங்களுக்கும், தாக்குதலைத் திட்டமிட்டவர்கள் யார் என்ற கேள்விக்கு நீதிமன்றத்தில் விடை கிடைக்காமல் போனது.

பொடா 2004இல் நீக்கப்பட்டபோது, அதன் பல பிரிவுகள் 1967ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்கு (ஊபா) மாற்றப்பட்டன. காவல்துறை வாக்குமூலப் பிரிவு அதில் சேர்க்கப்படவில்லை. ஆனால் 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் வந்த திருத்தம், குற்றப்பத்திரிகைக்கான காலத்தை 180 நாட்கள் வரை நீட்டிக்க வழிசெய்தது. குற்றச்சாட்டு உண்மையென நம்ப மேலோட்டமான முகாந்திரம் இருந்தாலே ஜாமீனை மறுக்க வேண்டும் என்றும் அது ஆக்கியது. விசாரணை முடிய நெடுங்காலம் ஆகும் நிலையில், இந்தத் தடையையும் மீறி நீதிமன்றங்கள் ஜாமீன் வழங்கலாம் என்று, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது.