தூக்கணாங்குருவியின் பாதி வீடு

பள்ளி விடுமுறை வந்தால் சிங்கப்பூரிலிருந்தும் ஜொகூர் பாருவிலிருந்தும் குடும்பங்கள் குளுவாங் பக்கம் வரத் தொடங்கும். பண்ணை விடுதியில் இரண்டு இரவு, ஆடுகளுக்குத் தீனி, விடியற்காலைக் குளிர்காற்று. சிலர் கழுத்தில் தொலைநோக்கியும் தொங்கும். அவர்கள் தேடுவது பெரும்பாலும் இருவாசி போன்ற காட்டுப் பறவைகளைத்தான். அதற்குக் கோத்தா திங்கி அருகிலுள்ள பந்தி காட்டுக்குத்தான் போக வேண்டும். சிம்பாங் ரெங்கத்தில் நம்மைச் சுற்றி இருப்பவை செம்பனையும் அன்னாசியும் லாலாங் புல்லும்தான்.

ஆனால் அந்தச் செம்பனை மட்டைகளின் நுனியில் சுரைக்குடுக்கை போல ஆடும் கூடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தூக்கணாங்குருவிக் கூடுகள் அவை. மலாய்மொழியில் தெம்புவா. காரில் போகும்போது ஒரு நொடி பார்த்துவிட்டு மறந்துபோகிற பறவை. இந்தக் குருவியின் குடும்ப வாழ்க்கை பற்றி நாம் அறிந்தவற்றில் மிக முக்கியமான ஒன்று, வேலை இழந்த ஒருவர் தம் மனைவியுடன் கடலோரக் கிராமம் ஒன்றில் போய்த் தங்கியதால் கிடைத்தது.

அவர் பெயர் சலீம் அலி. 1896இல் பிறந்தவர். இந்தியாவின் ‘பறவை மனிதர்’ என்று பிற்காலத்தில் உலகம் கொண்டாடிய அவரிடம் விலங்கியல் பட்டம் இல்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் வருகையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. பிறகு படிப்பு விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனார். பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெசமான் என்ற புகழ்பெற்ற பறவையியலாளரிடம் பயிற்சி பெற்று 1930இல் திரும்பினார். வந்து பார்த்தால் நிதி இல்லை என்று அந்தப் பதவியையே நீக்கியிருந்தார்கள். வயது முப்பத்து மூன்று. கையில் புதுப் பயிற்சி இருந்தது, சம்பளம் இல்லை.

அவரும் மனைவி தெஹ்மினாவும் பம்பாயை விட்டு, கொங்கணக் கரையில் உள்ள கிஹீம் என்ற கிராமத்துக்குக் குடிபோனார்கள். செலவு குறைவு, கடற்காற்று, அமைதி. இன்றைக்கு இதே மாதிரி இடத்துக்குத் தம்பதியர் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பணம் கட்டிப் போகிறார்கள்! சலீம் அலிக்கு அது ஓய்வு நாளாக வாய்த்ததல்ல. ஆனால் மழைக்காலம் தொடங்கியதும் வீட்டுக்குப் பக்கத்திலேயே தூக்கணாங்குருவிகள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்ட ஆரம்பித்தன. அவர் நாள்தோறும் அவற்றைக் கவனித்துக் குறிப்பெடுக்கத் தொடங்கினார்.

ஆண் கட்டும், பெண் சோதிக்கும்

கூடு கட்டும் காலத்தில் ஆண் குருவியின் தலை மஞ்சளாகவும் முகம் கறுப்பு முகமூடி அணிந்தது போலவும் இருக்கும். பெண் சாதாரண ஊர்க்குருவி போலப் பழுப்பாக இருக்கும். கட்டுமான வேலை கிட்டத்தட்ட முழுவதும் ஆணுடையது. புல்லின் இலையிலோ பனையோலையின் ஓரத்திலோ அலகால் ஒரு வெட்டு வெட்டும். அந்த நுனியைக் கவ்விக்கொண்டு பறக்கும். ஓலை நீளவாக்கில் கிழிந்து வரும். ஒரு கீற்று 20 முதல் 60 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஒரு கூட்டுக்கு இப்படி ஐந்நூறு தடவை வரை பறந்து போய்வர வேண்டியிருக்கும்.

கீற்று பச்சையாக இருப்பது அவசியம். காய்ந்த ஓலையை முடிச்சுப் போட முயன்று பாருங்கள், ஒடிந்துவிடும். பச்சைக் கீற்று வளையும். பின்னப்பட்ட பிறகு காய்ந்து விறைத்து அந்த வடிவத்திலேயே நின்றுவிடும்.

எட்டு நாள் வேலைக்குப் பிறகு கூடு ஒரு தலைக்கவசம் போல இருக்கும். மேலே கூரை, கீழே திறப்பு, குறுக்கே தலைக்கவசத்தின் தாடைப்பட்டை போல ஒரு கட்டு. இந்த நிலையில் ஆண் வேலையை நிறுத்திவிடும். கூட்டில் தொங்கிக்கொண்டு இறக்கையை அடித்துக் கூச்சலிடும். பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து, தாடைப்பட்டையில் உட்கார்ந்து, சுற்றிப் பார்க்கும். பிடித்திருந்தால் தங்கும். பிடிக்காவிட்டால் அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடும். சம்மதம் கிடைத்த பிறகுதான் ஆண் முட்டை அறையையும் கீழ்நோக்கி நீளும் நுழைவுக் குழாயையும் கட்டி முடிக்கும். மொத்தம் ஏறத்தாழ பதினெட்டு நாள் ஆகும்.

பாதியில் நிற்கும் கூடுகளை ஆண் தான் ஓய்வெடுக்கக் கட்டிக்கொள்கிறது என்று முன்பு எண்ணியதுண்டு. சலீம் அலி கண்டது வேறு. ஒரு பெண் முட்டையிட்டதும் அந்த ஆண் பக்கத்திலேயே அடுத்த கூட்டைத் தொடங்குகிறது. அதற்கு இன்னொரு பெண்ணை அழைக்கிறது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பருவத்தில் பல துணைகள். அடைகாப்பது பெண் மட்டுமே. பாதிக் கூடு என்பது இன்னும் சம்மதம் கிடைக்காத வீடு. இதை அவர் 1931இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளியிட்டார். ‘ஜோடிப் பறவை’ என்று நாம் பாட்டிலும் கதையிலும் பாடி வைத்திருக்கும் காதலுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான்! குருவி நம் விருப்பப்படி வாழ வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் தவறு.

வகுப்பில் ‘ஹிப்போதிசிஸ்’ என்று எழுதுகிறீர்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பாதிக் கூடு ஏன் நிற்கிறது என்ற ஒரே கேள்விக்கு இரண்டு விளக்கங்கள். எது சரி என்பதைத் தீர்க்க ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. ஒரே கூட்டை விடாமல் பல நாள் பார்க்க ஆள் தேவைப்பட்டது.

மின்மினியும் களிமண்ணும்

தூக்கணாங்குருவி கூட்டுக்குள் களிமண் ஒட்டி, அதில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றும் என்று உங்கள் பாட்டி சொல்லியிருக்கலாம். களிமண் உருண்டை இருப்பது உண்மை. விளக்குக் கதைக்கு ஆதாரம் இல்லை. லேசான கூடு காற்றில் அளவுக்கு மீறி ஆடாமல் இருக்க மண்ணின் எடை உதவுகிறது என்பதே பலரும் சொல்லும் விளக்கம்.

பெண் குருவி எதைப் பார்த்து வீட்டைத் தேர்ந்தெடுக்கிறது? இந்திய ஆய்வாளர் சுஹேல் குவாதர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, கட்டிய அழகைவிடக் கூடு அமைந்த இடமே முக்கியம் என்று காட்டியது. உயரம், முள்மரம், எதிரி ஏற முடியாத மெல்லிய கிளை. ‘காரணம் இல்லாமல் தெம்புவா தாழ்வாகக் கூடு கட்டாது’ என்ற பொருளில் மலாய்ப் பாடத்தில் ஒரு பழமொழி படித்திருப்பீர்கள். பக்கத்தில் குளவிக்கூடு இருந்தால் தாழ்வான இடமும் பாதுகாப்புதான் என்று அதற்கு ஒரு விளக்கம் உண்டு. அந்த வரியை உருவாக்கியவர் குருவியை நன்றாகப் பார்த்த கிராமத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

பின்னும் கலை பிறவியிலேயே முழுமையாக வந்துவிடுவதும் இல்லை. அமெரிக்காவின் நிக்கலஸ் கோலியஸ், எல்சி கோலியஸ் என்ற தம்பதியர் ஆப்பிரிக்கத் தூக்கணாங்குருவி இனமொன்றை ஆராய்ந்தனர். பின்னிப் பழகாமல் வளர்ந்த இளம் ஆண்கள் ஒழுங்காகப் பின்ன முடியாமல் தடுமாறின. பச்சை மங்கிப் பழுப்பான கூடுகளைப் பெண்கள் ஏற்கத் தயங்கின என்றும் அவர்கள் கண்டார்கள்.

கிஹீமுக்குப் பிறகு சலீம் அலி ஐதராபாத், திருவாங்கூர் போன்ற சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தார். செலவை மட்டும் கொடுங்கள், சம்பளம் வேண்டாம் என்பதே அவர் வைத்த ஏற்பாடு. முகாம் வாழ்க்கையில் தெஹ்மினாவும் உடன் இருந்தார். 1939இல், ஒரு சிறிய அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து அவர் இறந்துபோனார். சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1987இல் இறக்கும்வரை பறவைகளோடுதான் இருந்தார். கோயம்புத்தூர் அருகே ஆனைகட்டியில் உள்ள பறவையியல் ஆய்வு மையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்த விடுமுறைக்கு உங்கள் வீட்டுக்கு விருந்தினர் வந்தால், தொலைநோக்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தோட்டத்து ஓரத்துக்கு அழைத்துப் போங்கள். அனுமதி கேட்டுவிட்டு, பெரியவர் ஒருவருடன், காலை ஏழு மணிக்கு. இருபது மீட்டர் தள்ளி நில்லுங்கள். முழுக் கூடு எத்தனை, தலைக்கவசம் எத்தனை என்று தனித்தனியாக எண்ணுங்கள். ஒரு தலைக்கவசத்தைத் தேர்ந்தெடுத்து, பத்து நிமிடத்தில் ஆண் எத்தனை தடவை கீற்று கொண்டுவருகிறது என்று குறியுங்கள். மறுவாரம் அதே கூட்டுக்குப் போங்கள். பாதிக் கூட்டைக் கைவிடப்பட்டது என்று நினைத்து, வீட்டு வரவேற்பறையில் மாட்டப் பறித்து வருகிறவர்கள் உண்டு. ஆண் கீற்று தேடிப் போயிருக்கும் நேரமாக அது இருக்கலாம். அருகிலுள்ள ஓலைகளைப் பாருங்கள். ஓரத்தில் நீளமாகக் கிழிந்து, வெட்டு இன்னும் பச்சையாக இருந்தால் வேலை நடந்துகொண்டிருக்கிறது.