மாமர நிழலுக்கு ஏற்ற லேடி பாம்

கீழ்பென்னாத்தூர் பகுதி விவசாயிகள் நன்கு அறிந்த ஏரிக்கரைப் பனை வெயிலில் வளர்வது. அதைப்போல விசிறி இலை கொண்ட லேடி பாம் என்னும் அழகுப் பனைக்கோ நிழல் வேண்டும். தென் சீனாவைச் சேர்ந்த இது, மெல்லிய தண்டுகளுடன், வாழை போலப் பக்கக்கன்று விட்டுப் புதராக வளரும். நர்சரிகளில் தொட்டிச் செடியாக விற்பனையாகிறது.

சித்திரை வெயில் நேரே பட்டால் இலை மஞ்சளித்துக் கருகும். எனவே கிணற்றடி மாமர நிழலே ஏற்றது. மரம் இல்லாதவர்கள் நிழல்வலை கட்டலாம்.

மழைக்காலத் தொடக்கத்தில் தாய்ப்புதரைத் தோண்டி, இரண்டு மூன்று தண்டுகளை வேருடன் சேர்த்துப் பிரித்து நட வேண்டும். வேரில்லாத தண்டு பிழைக்காது. தொட்டிக்குச் செம்மண், மணல், மக்கிய தொழு உரம் ஆகியவற்றைச் சம அளவில் கலக்கலாம். மேல்மண் காய்ந்தபின் தண்ணீர் ஊற்றினால் போதும். தேங்கினால் வேர் அழுகும். உப்புத் தண்ணீர் இலை நுனியைக் கருக்கும். மாவுப்பூச்சி, செதில்பூச்சி கண்டால் சோப்புக் கரைசலில் நனைத்த துணியால் துடைக்கலாம்.

இது மெதுவாக வளரும் செடி. புதர் தொட்டியை நிரப்பச் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே கடன் வாங்கி இதில் இறங்கக் கூடாது. மணிலாக் கொல்லையையும் இதற்காக விட வேண்டாம். வாங்குவோர் உண்டா என நர்சரிகளில் முதலில் விசாரித்துக்கொண்டு, நிழலில் சும்மா கிடக்கும் இடத்தில் பத்துத் தொட்டிகளுடன் தொடங்குவது நல்லது.