மூங்கிலை உளுக்கச் செய்யும் வண்டினம்

எண்ணூர்க் கழிமுகத்தை அடுத்த முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்களில் மரத்திற்குப் பகை இருவகையாம். உவர்நீரில் கிடக்கும் மரத்தைக் குடைவது சிப்பியினத்தைச் சேர்ந்த கப்பற்புழு. கரையில் அடுக்கிய மூங்கிலினின்று மாவு உதிரச் செய்வது போஸ்டிரிகிடே என்னும் வண்டுக் குடும்பம். முன்னதற்குரிய பரிகாரம் பின்னதற்குப் பயன்படாது.

மூங்கில் வண்டாகிய டைனோடெரஸ் மினூட்டஸ் என்பதை 1775-ல் பப்ரீசியஸ் வருணித்தார். நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். தலை மார்புக் கவசத்தின்கீழ் மறைந்திருக்கும். லிக்டஸ் வண்டின் தலையோ மேலிருந்து நோக்கினும் தென்படும். இத்தகைய வேறுபாடுகளால் அதனை நெடுங்காலம் தனிக் குடும்பமாக எண்ணினர். இப்போது போஸ்டிரிகிடேயின் உபகுடும்பமாகவே கொள்கின்றனர். நெற்குதிரில் தானியத்தைத் துளைக்கும் ரைசோபெர்தா டொமினிகாவோ மூங்கில் வண்டின் நெருங்கிய பங்காளி. இரண்டும் ஒரே உபகுடும்பத்தன. மிராசுதாரர் பலர் இதனை அறியார். மூங்கில் வண்டும் உலர்ந்த மரவள்ளிக் கிழங்கைத் தின்னக் கூடியதே. ஆதலின் உளுத்த கழிகளைக் களஞ்சியத்தருகே குவித்தல் தகாது.

இவ்வண்டு நாடுவது மூங்கிலிலுள்ள மாவுச்சத்தையே. மூன்றாண்டு முற்றிய கழிகளை வெட்டி, சில வாரம் நன்னீரில் ஊறவைத்தால் அச்சத்துப் பெரும்பாலும் கரைந்துபோம். கழிமுக நீரில் இட்டால் கப்பற்புழுவுக்கு இரையாகும். ஊறியதை நிழலில் உலர்த்துக. நெடுங்காலம் நிற்க வேண்டிய கழிகளுக்கு வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்தல் நலம்.