ஐந்து மூன்றான கதை

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையிலே ஒரு சிறு கடை. அரிசி, பருப்பு, கருவாடு, வெற்றிலை ஆகியவற்றோடு கைத்தொலைபேசிகளுக்கு ‘ரீலோட்’ போடுவதும் அங்கே நடைபெறுகிறது. ஒருநாள் மழைக்காக அக்கடைத் திண்ணையில் நான் ஒதுங்கி நின்றபோது, மலையில் வேலை முடிந்து வந்த தாயார் ஒருவர், “தம்பி, என் எயார்டெல் நம்பருக்கு நூறு ரூபாய் போடு” என்றார். கடைக்காரப் பையன் சிரித்தான்.

“எயார்டெல் எங்கேம்மா இருக்கு? அது டயலொக் ஆகி எவ்வளவு நாளாச்சு!”

“நம்பர் அதேதானே, தம்பி?”

“நம்பர் அதேதாம்மா. ஆள்தான் மாறிட்டான்.”

அவன் விளையாட்டாகச் சொன்னதிலே பெரிய விஷயமொன்று அடங்கியிருக்கிறது. பலம் படைத்த ஒரு கம்பெனி, தன்னோடு போட்டியிடும் மற்றொரு கம்பெனியை விலைக்கு வாங்குவது தகுமா? அயல்நாட்டு நீதிமன்றங்கள் ஆண்டுக்கணக்காக ஆராயும் இவ்வினா, நம் ஊவா மலைகளிலே நூறு ரூபாய் ரீலோட்டின் உருவத்தில் வந்து நிற்கிறது.

பழைய கதையைச் சற்றே பார்ப்போம். இலங்கையில் கைத்தொலைபேசிச் சேவையை 1989இல் முதன்முதலாகத் தொடங்கியது செல்டெல் என்னும் ஸ்தாபனம். பிறகு மொபிடெல், டயலொக் முதலியன வந்தன. இந்தியாவின் பார்தி எயார்டெல் 2009 ஜனவரியில் ஐந்தாவதாக வந்து சேர்ந்தது. கம்பெனிகள் ஒன்றையொன்று முந்திக் கட்டணங்களைக் குறைத்தன. எதுவரையெனில், 2010இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு தலையிட்டு, இதற்குக் கீழே இறங்கலாகாது என்று குறைந்தபட்சக் கட்டணம் விதிக்கும் வரைக்கும்! விலை ஏறாமல் தடுக்க முயலும் அரசாங்கங்களை நாம் அறிவோம். விலை இறங்காமல் தடுக்க நேர்ந்ததும் உண்டு.

அந்த மலிவுக் காலம் நீடிக்கவில்லை. செல்டெல், டிகோ என்று பெயர் மாறி, 2009இல் ஐக்கிய அரபு நாட்டு எடிசலாட்டின் கைக்குப் போயிற்று. 2018இன் இறுதியில் அதுவும் ஹட்ச் கம்பெனியோடு இணைந்தது. ஐந்து நான்காயிற்று. 2024 ஜூன் 26ஆம் திகதி, மலேசியாவின் அக்சியாட்டாவுக்குச் சொந்தமான டயலொக், எயார்டெல் லங்காவின் பங்குகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டது. நான்கு மூன்றாயிற்று. விலையாகப் பணம் கைமாறவில்லை. பார்தி எயார்டெலுக்கு டயலொக்கில் 10.355 சதவீதப் பங்குகள் வழங்கப்பட்டன. சின்னக் கடைக்காரர் தம் கடையைக் கொடுத்துவிட்டுப் பெரிய கடையிலே பங்காளியானார் என்று கொள்ளலாம். 075 எனத் தொடங்கும் எண்கள் மட்டும் மாறவில்லை.

இது நல்லதா, கெட்டதா? கொழும்பிலிருந்து பார்ப்பவர் ஒரு விடை சொல்லக்கூடும். மலையிலிருந்து பார்த்தால் விடை சற்று வேறாகத் தோன்றுகிறது.

மலைநாட்டிலே சிக்னல் என்பது விளக்கு வெளிச்சத்தைப் போன்றது. நமுனுகுலையின் ஒரு பக்கத்தில் விளக்கேற்றினால் மறுபக்கம் நிழலே. தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அலைகள் வெகுதூரம் செல்லும். ஆனால் சுமக்கும் பாரம் குறைவு. உயர்ந்த அதிர்வெண் கொண்டவை படங்களையும் பாடங்களையும் ஏராளமாகச் சுமக்கும்; ஆனால் விரைவில் களைத்துவிடும். சமவெளியிலே ஒரு கோபுரம் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பயன்படும். அதே கோபுரத்தைத் தோட்டப் பள்ளத்தாக்கொன்றில் நிறுத்தினால் சில லயங்களுக்கே உதவும். கோபுரத்தின் செலவோ குறைவதில்லை. மலையேற்றிக் கொண்டுபோக வேண்டியிருப்பதால் கூடுகிறது. ஆகவே கம்பெனிகள் யாவும் பதுளை நகரிலும் பண்டாரவளையிலும் தோளோடு தோள் இடித்து நிற்கும். நூறு ரூபாய் ரீலோட் போடும் பள்ளத்தாக்கிற்கோ போட்டியிட எவரும் அவசரப்படுவதில்லை.

2021இல் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, லுணுகலைப் பகுதிப் பிள்ளைகள் பெரியவர்களின் துணையோடு மலையுச்சிக் காட்டுக்குச் சென்று, மரத்தின்மேல் கட்டிய பரணில் அமர்ந்து பாடங்களைப் பெற்றனர். அச்செய்தி உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வெளிவந்தது. அந்த நாளில் நாட்டிலே நான்கு கைத்தொலைபேசிக் கம்பெனிகள் இருந்தன என்பதை நாம் மறக்கலாகாது. நால்வரின் போட்டியும் அந்தப் பரணின் அவசியத்தைப் போக்கவில்லை.

வாங்குவதை ஆதரிப்போரின் வலுவான வாதம் இதிலிருந்தே பிறக்கிறது. ஒரே மலையில் இருவர் இரண்டு கோபுரங்கள் வைப்பதைவிட, ஒருவர் இரண்டு மலைகளில் வைப்பது மேலன்றோ என்கிறார்கள். அன்றியும் எயார்டெல் லங்கா நெடுங்காலம் நஷ்டத்திலே நடந்த ஸ்தாபனம். வாங்க விடாமல் தடுத்தால் சிறியது தழைத்துவிடும் என்பது நிச்சயமில்லை. 2008 பெப்ரவரியில் மைக்ரோசொப்ட், யாஹூவை 4,460 கோடி டொலருக்குக் கேட்டது. யாஹூ மறுத்தது, மே மாதத்தில் மைக்ரோசொப்ட் விலகிக்கொண்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து யாஹூவின் இணைய வியாபாரம் வெரைசன் கம்பெனிக்கு விலைபோனது ஏறத்தாழ 448 கோடி டொலருக்கு. பத்திலொரு பங்கு!

மறுபக்கமும் இலேசானதன்று. 2022 செப்டெம்பரில் இங்கு கட்டணங்கள் 20 சதவீதம் உயர்ந்தன. அப்பொழுது நான்கு கம்பெனிகள் இருந்தன. ரூபாயின் வீழ்ச்சியே அதற்குக் காரணமென்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இந்தியாவைப் பாருங்கள். பல கம்பெனிகள் இருந்த அந்நாட்டில், தனியார் துறையில் பெரியவை மூன்றே எஞ்சின. 2024 ஜூலையில் அம்மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. ஆட்கள் குறைந்துவிட்டால் இரகசிய உடன்படிக்கை வேண்டியதில்லை. ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்தாலே போதும்.

தோட்ட மக்களுக்கு இந்தப் பாடத்தை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளையில் தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கி, இடைத்தரகரை விலக்கிக் கடைவரை தானே தேயிலை கொண்டுபோனார். சீமையிலே தேயிலை மலிந்தது; கொழுந்து பறித்தவள் வாழ்வு மலர்ந்ததா என்பது வேறு கேள்வி. 1921இல் ஒழிக்கப்படும்வரை ‘துண்டு’ முறை ஒன்றிருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கடன் எழுதிய அந்தச் சீட்டில்லாமல் தொழிலாளி அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது. விலகிப் போக வழியில்லாதவனுக்குப் பேரம் பேச வாயுமில்லை. போட்டியின் பயன் வெறும் மலிவு மட்டுமன்று. பிடிக்காவிட்டால் போய்விடுவேன் என்று சொல்ல முடிவதே அதன் பெரும்பயன்.

சட்டம் என்ன சொல்கிறது? 1987ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்திலே கம்பெனி இணைப்புகளை ஆராயும் அதிகாரம் இருந்தது. 2003இல் வந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதனை நீக்கிவிட்டுத் தான் அமர்ந்தபோது, அந்த அதிகாரம் உடன்வரவில்லை. ஆகவே தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் சம்மதமே இங்கு முக்கிய வாயிலாயிற்று. தொலைத்தொடர்புச் சட்டத்தைப் பாராளுமன்றம் திருத்தியது 2024 ஜூலையில். இணைப்பு முடிந்ததோ ஜூனில்!

வாயிலைத் தாண்டிய பின் தடுப்பது எளிதன்று. பேஸ்புக் 2012இல் இன்ஸ்டகிராமையும் 2014இல் வாட்ஸ்அப்பையும் வாங்கியது. அதனை எதிர்த்து அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு 2020இல் வழக்குத் தொடுத்தது. 2025 நவம்பரில் தோற்றது. அத்தனை வலிமையுள்ள அரசுக்கே அந்த நிலையென்றால், கேட்க வேண்டியதைக் கையொப்பத்துக்கு முன்பே கேட்பதுதான் புத்தி.

என் அபிப்பிராயம் இதுதான்: நான்கு மூன்றானதைக் குறித்து ஊவா மக்கள் ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று இரண்டாகும் நாள் வரலாகாது. வாங்க அனுமதி கேட்கும் எந்தக் கம்பெனியும் அதற்கொரு விலை தரவேண்டும். அவ்விலை, இருண்ட பள்ளத்தாக்குகளிலே கோபுரம். நாட்டு ஜனத்தொகையில் இத்தனை சதவீதத்துக்குச் சேவையுண்டு என்னும் கணக்கை ஏற்கலாகாது. அந்தக் கணக்கிலே ஒரு தோட்டம் முழுவதும் காணாமற்போய்விடும். இடத்தின் பெயர் சொல்லி, பிரிவின் பெயர் சொல்லி, திகதி குறித்து வாங்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்தன; பாதைகளும் மின்சாரமும் தொடர்புகளும் அறுந்தன. அவ்வேளையில் ஒரு கோபுரம் வீழ்ந்தால் வேறொன்றாவது நிற்குமா என்பது வெறும் வியாபாரக் கேள்வியன்று.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். விடுமுறை நாளொன்றில் உங்கள் தோட்டத்தின் படத்தை ஒரு தாளில் வரையுங்கள். லயம், ஆலை, கோயில், பள்ளிக்கூடம், பிள்ளைக் காம்பரா ஒவ்வொன்றிலும் எந்தக் கம்பெனியின் சிக்னல் எட்டுகிறது, எங்கே ஒன்றுமே எட்டவில்லை என்று மூன்று நிற மையால் குறியுங்கள். ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொண்டு, ஒரு பிரதியை ஆணைக்குழுவுக்கு அனுப்பி, மற்றொன்றைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முறை ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கப்போவதாகச் செய்தி வரும்போது அந்தத் தாள் உங்களுக்குத் தேவைப்படும்.