எப்படி வலிக்குது?

இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறீர்கள். கால் சுண்டுவிரல் கட்டில் காலில் 'ணங்'கென்று இடிக்கிறது. உடனே சுளீர் என்று ஒரு வலி. அப்பாடா என்று மூச்சுவிடுவதற்குள் இன்னொன்று கிளம்பும். மந்தமாக, கடுகடுவென்று, விரல் முழுக்கப் பரவி, போகாமல் நிற்கும். இடித்தது ஒரு தடவைதான். வலி ஏன் இரண்டு?

வலிச் செய்தியைச் சுமக்கும் நரம்பு இழைகளில் இரண்டு வகை உண்டு. ஏ-டெல்டா இழைகளுக்கு மெல்லிய கொழுப்பு உறை இருக்கிறது. அவற்றில் செய்தி விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடும். சி இழைகளுக்கு அந்த உறை கிடையாது. அவற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர்தான். காலிலிருந்து முதுகுத்தண்டுக்குப் போய்ச் சேரவே ஒரு விநாடி ஆகிவிடும். சுளீர் முதல் வகையின் வேலை, கடுகடு இரண்டாம் வகையின் வேலை.

பார்த்தீர்களா, வலியைச் சொல்ல நாம் தேர்ந்தெடுக்கும் சொல்லுக்குள்ளேயே ஒரு தகவல் இருக்கிறது! காய்ச்சலை அளக்கத் தெர்மாமீட்டர் இருக்கிறது. வலியை அப்படி அளந்துவிட முடியாது. பட்டவர் வாய்திறந்து சொன்னால்தான் உண்டு.

இதை மிகவும் பொறுமையாக ஆராய்ந்தவர் கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ரொனால்டு மெல்சாக். 1950-களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இளம் ஆய்வாளராக இருந்தபோதே, நோயாளிகள் வலியைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களைக் குறித்துவைக்கத் தொடங்கினார். பின்னர் வாரன் டார்கர்சன் என்பவருடன் சேர்ந்து 102 சொற்களைத் திரட்டி, மருத்துவர்கள், நோயாளிகள், மாணவர்கள் என்று பலரிடமும் காட்டினார். எந்தச் சொல் கடுமையான வலி, எது லேசான வலி என்று வரிசைப்படுத்தச் சொன்னார். வெவ்வேறு ஆட்கள் போட்ட வரிசைகள் பெரும்பாலும் ஒத்துப்போயின. அந்த வேலையிலிருந்து 1975-இல் பிறந்ததுதான் மெக்கில் வலி வினாத்தாள். மெக்கில் என்பது மாண்ட்ரியல் நகரில் அவர் பணியாற்றிய பல்கலைக்கழகம். வினாத்தாளில் 78 சொற்கள், 20 குழுக்கள்.

அதில் ஒரு குழுவைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். ஹாட், பர்னிங், ஸ்கால்டிங், சீரிங். நான்கும் சூட்டைச் சொல்பவைதான். ஹாட் என்றால் சும்மா சூடு. பர்னிங் என்றால் எரிகிறது. ஸ்கால்டிங் கொதிநீர் பட்டுப் பொத்துப்போவது. சீரிங், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு வைப்பது. நோயாளி இவற்றில் ஒன்றைத் தொட்டுக் காட்டினால் 1 முதல் 4 வரை ஓர் எண் கிடைக்கும். குத்தலுக்கு ஒரு குழு, இழுப்புக்கு ஒரு குழு, அரிப்புக்கும் குறுகுறுப்புக்கும் ஒரு குழு. எல்லா எண்களையும் கூட்டினால் வலிக்கு ஒரு மதிப்பு வந்துவிடும்.

என்னை நெகிழவைப்பது இன்னொரு குழு. அதில் பனிஷிங், குரூயல் என்ற சொற்கள் இருக்கின்றன. தண்டிக்கிற வலி, கொடூரமான வலி! இவை உடம்பைப் பற்றியவை அல்ல, வலியில் கிடப்பவரின் மனத்தைப் பற்றியவை. பயமும் களைப்பும்கூட வலியின் பகுதிதான் என்பதை மெல்சாக் விட்டுக்கொடுக்கவே இல்லை. அந்தச் சொற்களையும் எண்ணிக்கையில் சேர்த்தார்.

இதனால் பலன் இருந்ததா? 1976-இல் ஒரு சோதனை நடந்தது. எட்டு விதமான வலிகளால் அவதிப்பட்ட 95 பேர் தேர்ந்தெடுத்த சொற்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். யாருக்கு எந்த வகை வலி என்பது 77 சதவீதம் பேருக்குச் சரியாக வந்தது. ஊசி இல்லை, எக்ஸ்-ரே இல்லை!

ஆனால், சொல்லை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பல்வலிக்கு ஆங்கிலத்தில் த்ராபிங் என்பார்கள். நாம் விண்விண்ணென்று தெறிக்கிறது என்போம். ரத்தக்குழாய் துடிப்பதால்தான் இப்படித் தெறிக்கிறது என்று வெகுகாலம் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பல்வலிக்காரர்களை ஒவ்வொரு தெறிப்பையும் குறிக்கச் சொல்லி, கூடவே நாடியையும் பதிவு செய்தார்கள். நாடி நிமிடத்துக்குச் சராசரியாக 73 முறை துடித்தது. வலி தெறித்ததோ 44 முறைதான்! இரண்டுக்கும் தாளம் ஒட்டவே இல்லை. அப்படியானால் தெறிப்பு எங்கிருந்து வருகிறது? மூளையிலிருந்தே வரலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

வேறு மொழிகளுக்கு இந்த வினாத்தாளைக் கொண்டுபோனபோது சில ஆய்வாளர்கள் மொழிபெயர்க்கவில்லை. பின்லாந்தில் தங்கள் மக்கள் பேசும் வலிச் சொற்களைப் புதிதாகத் திரட்டினார்கள். நம் வீட்டிலேயே எத்தனை கிடக்கின்றன பாருங்கள்! பாட்டிக்கு மூட்டில் குடைச்சல், அப்பாவுக்குக் காலில் உளைச்சல், உங்களுக்கு வயிற்றைப் பிசைகிறது. மருத்துவரிடம் போனால் இவற்றைத் தாராளமாகச் சொல்லுங்கள். கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறது என்றால் அவருக்கு நரம்பு நினைவுக்கு வரும். விட்டுவிட்டு முறுக்குகிறது என்றால் குடலையும் யோசிப்பார்.

இன்னும் பேச்சு வராத தம்பி தங்கைகள் என்ன செய்வார்கள்? அழுகையையும் முகத்தையும் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். மூன்று வயது தாண்டியவர்களுக்கு ஒரு படம் உண்டு. 1980-களில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டானா வாங், கானி பேக்கர் என்ற இருவர் குழந்தைகளின் உதவியோடு உருவாக்கியது. வரிசையாக ஆறு முகங்கள். முதல் முகம் சிரிக்கும், கடைசி முகத்தில் கண்ணீர் வழியும். அந்தக் கடைசி முகத்தைக் காட்டும்போது பெரியவர்கள் குழந்தையிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: "இவ்வளவு வலி இருந்தால் இதைத் தொடலாம். அதற்கு நீ அழுதுகொண்டிருக்கணும்னு இல்லை."