ஒப்பமிட மறுத்த தந்தை

கொத்மலை மக்களுக்கு நட்டஈட்டுப் பத்திரம் புதியதன்று. 1985இல் நிறைவுற்ற நீர்த்தேக்கத்திற்காக வீடும் வயலும் இழந்தோர் இங்கு பலர். அதில் ஒப்பமிடுவதென்றால், போனது போனதுதான் என்று ஒப்புக்கொள்வதாகும்.

பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997) என்ற சிங்களத் திரைப்படத்தில், பார்வையற்ற முதியவர் வன்னிஹாமி அந்த ஒப்பத்தைத்தான் மறுக்கிறார். போர்முனையிலிருந்து மகனின் பிரேதப் பெட்டி முத்திரையிடப்பட்டு வருகிறது. மகன் இறந்ததை அவர் நம்பவில்லை. வீட்டில் வறுமை, ஆயினும் நட்டஈட்டை ஏற்காது, ஈற்றில் புதைகுழியைத் தோண்டுகிறார். பெட்டிக்குள் மகன் இல்லை.

போர்ச்சூழலைக் காரணங்காட்டி 2000ஆம் ஆண்டில் அமைச்சர் இப்படத்தின் திரையிடலைத் தடுத்தார். நெறியாளர் அடிப்படை உரிமை மனுவுடன் உயர் நீதிமன்றம் சென்றார். 2001இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரம் மீறப்பட்டதென நீதிமன்றம் கண்டது.

சட்டக் கேள்வி அத்துடன் தீர்ந்தது. அறக் கேள்வியோ நிற்கிறது: போர்க்காலத்தில் மக்கள் மனத்தைத் தளர்த்தும் கதையைச் சொல்லலாமா?

சொல்லலாம் என்பேன். அத்துயரம் படம் வருமுன்பே அவ்வீடுகளுக்கு வந்துவிட்டது. ஒப்பம் கேட்பவர், பெட்டிக்குள் இருப்பதையும் காட்டவேண்டும் அல்லவா?